ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டு

ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் 17ஆவது குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவியிலிருந்து அகற்றும் நோக்குடன் அந்நாட்டுச் சட்டமன்றமாகிய காங்கிரஸ் 1868ஆம் ஆண்டில் மேற்கொண்ட நடவடிக்கை ஆகும். இம்பீச்மெண்ட் என வழங்கும் இம்முறைக்கு உள்ளான முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இவரே. பிரதிநிதிகள் அவை இவர்மீது குற்றஞ்சாட்டியது. செனட் எனப்படும் மேலவையில் ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் இவர் பதவி தப்பினார். இந்நடவடிக்கை நியாயமானதா அல்லது கட்சிப் பகையின் விளைவா என்னும் விவாதம் அன்றே தொடங்கி, வரலாற்றாய்வாளர்களிடையே நூறாண்டுகளுக்கும் மேலாக நீடித்து வந்துள்ளது.

அரசியலமைப்பு விதிகள்

அமெரிக்க அரசியலமைப்பின்படி, குடியரசுத் தலைவர்மீது குற்றஞ்சாட்டும் உரிமை பிரதிநிதிகள் அவைக்கு உரியது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதுமானது. குற்றச்சாட்டை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் உரிமை மேலவைக்கு உரியது. அங்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. குடியரசுத் தலைவர் விசாரிக்கப்படும்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமை தாங்குவார்.

நாட்டுத் துரோகம், கையூட்டு, ஏனைய பெருங்குற்றங்கள் மற்றும் தவறான நடத்தைகள் ஆகியனவே பதவிநீக்கத்துக்குரிய காரணங்கள். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட தொடருக்கு அரசியலமைப்பு விளக்கம் தரவில்லை. 1787இல் அரசியலமைப்பு வரையப்பட்டபோது, சீர்கெட்ட நிருவாகத்தையும் ஒரு காரணமாகச் சேர்க்க ஜார்ஜ் மேசன் முன்மொழிந்தார். அத்தகைய தெளிவற்ற சொல், மேலவை விரும்பும் காலம்வரை மட்டுமே தலைவர் பதவியில் இருக்கலாம் என்னும் நிலையை உண்டாக்கும் என ஜேம்ஸ் மேடிசன் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. இத்தகைய வழக்குகளில் உண்மையான குற்றத்தைவிடக் கட்சிகளின் வலிமையே முடிவைத் தீர்மானிக்கக்கூடும் என அலெக்சாண்டர் ஆமில்டனும் எச்சரித்திருந்தார்.

பின்னணி

ஜான்சன் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்தவர்; மக்களாட்சிக் கட்சியினர். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் பிரிந்து சென்றபோது ஒன்றியத்தின் பக்கம் நின்றார். இதனால் 1864 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஆபிரகாம் லிங்கனுடன் துணைத் தலைவர் பதவிக்கு நிறுத்தப்பட்டு வெற்றி பெற்றார். 1865 ஏப்ரல் 15 அன்று, முந்தைய இரவு சுடப்பட்ட லிங்கன் இறந்ததையடுத்துக் குடியரசுத் தலைவரானார். எனவே, காங்கிரசில் பெரும்பான்மை பெற்றிருந்த கட்சி ஒன்றாகவும் தலைவரின் கட்சி வேறொன்றாகவும் அமைந்தன.

அடிமை நிலையிலிருந்து விடுபட்ட ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்களின் வருங்காலமே இரு தரப்புக்கும் இடையிலான உண்மையான பிணக்காகும். ஜான்சன் 1865 மே மாதத்தில் தென்னவர் பெரும்பாலோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அவரது கொள்கையின்கீழ் அமைந்த தென் மாநில அரசுகள் கறுப்பர் சட்டங்கள் எனப்பட்ட விதிகளை இயற்றின. மிசிசிப்பி மாநிலத்தில், வேலையில் இருப்பதற்கான எழுத்துச் சான்று இல்லாத கறுப்பினத்தவர் நாடோடிகளாகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். தண்டம் செலுத்த இயலாதோர் பிறரிடம் கட்டாய வேலைக்கு விடப்பட்டனர். 1866 மே மாதத்தில் மெம்பிசு நகரில் நிகழ்ந்த வன்முறையில் 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர்.

1866ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை ஜான்சன் வீட்டோ எனப்படும் தடுப்புரிமையைப் பயன்படுத்தி நிராகரித்தார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதனை மீண்டும் நிறைவேற்றியது. பதினான்காவது சட்டத்திருத்தத்தையும் அவர் எதிர்த்தார். 1867இல் அவரது மறுப்பையும் மீறி நிறைவேறிய மறுசீரமைப்புச் சட்டங்கள், 10 தென் மாநிலங்களை ஐந்து படைத்துறை மாவட்டங்களாகப் பிரித்தன. இச்சட்டங்களைச் செயற்படுத்தும் பொறுப்பு படைத்துறையிடம் இருந்ததால், போர்த்துறைச் செயலர் பதவி இரு தரப்புக்கும் இன்றியமையாததாயிற்று. அப்பதவியில் இருந்த எட்வின் ஸ்டாண்டன் காங்கிரசின் பக்கம் நின்றவர்.

பதவிக்காலச் சட்டமும் ஸ்டாண்டன் நீக்கமும்

1867 மார்ச் 2 அன்று பதவிக்காலச் சட்டம் நிறைவேறியது. மேலவையின் ஒப்புதலுடன் அமர்த்தப்பட்ட அதிகாரிகளை அதன் இசைவின்றித் தலைவர் நீக்கக்கூடாது என்பது இதன் சாரம். இதனை மீறுவது பெரிய தவறான நடத்தை எனவும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பதவிநீக்கக் காரணங்களைக் கூறும் அரசியலமைப்பின் சொற்களை ஒட்டியே இது அமைந்திருந்தது.

இதற்கிடையே, ஜான்சனுக்கு எதிரான முதல் பதவிநீக்கத் தீர்மானம் 1867 டிசம்பரில் 57க்கு 108 என்ற வாக்குகளில் தோல்வியுற்றது. தலைவரின் கொள்கையை வெறுத்த குடியரசுக் கட்சியினர் பலரும், குறிப்பிட்ட சட்டமீறல் எதுவும் காட்டப்படவில்லை எனக் கூறி எதிர்த்து வாக்களித்தனர்.

1867 ஆகஸ்டில் ஜான்சன் ஸ்டாண்டனைத் தற்காலிகமாக விலக்கியிருந்தார். 1868 சனவரியில் மேலவை இதனை ஏற்க மறுத்ததால் ஸ்டாண்டன் பதவிக்குத் திரும்பினார். பிப்ரவரி 21 அன்று ஜான்சன் அவரை முற்றாக நீக்கி, லொரென்சோ தாமசை இடைக்காலப் பொறுப்பில் அமர்த்தினார். ஸ்டாண்டன் வெளியேற மறுத்து அலுவலகத்திலேயே தங்கிவிட்டார். மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, பிரதிநிதிகள் அவை 126க்கு 47 என்ற வாக்குகளில் ஜான்சன்மீது குற்றஞ்சாட்டியது. வாக்குகள் கட்சி அடிப்படையிலேயே பிரிந்தன.

குற்றச்சாட்டுகள்

மொத்தம் 11 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. இவற்றுள் பெரும்பாலானவை ஸ்டாண்டன் நீக்கத்தையும் தாமஸ் நியமனத்தையும் பற்றியன. பத்தாவது குற்றச்சாட்டு, ஜான்சன் பொதுக்கூட்டங்களில் காங்கிரசை இழிவுபடுத்திப் பேசியதைப் பற்றியது. பதினோராவது, ஏனையவற்றின் சாரத்தைத் தொகுத்துக் கூறியது. விடுதலை பெற்ற மக்களின் உரிமைகளைத் தலைவர் காக்கத் தவறினார் என்பது எக்குற்றச்சாட்டிலும் நேரடியாக இடம்பெறவில்லை. பிணக்கின் உண்மையான காரணம் ஒன்றாகவும் வழக்கின் எழுத்து வடிவம் வேறொன்றாகவும் இருந்தமை பின்னர் எழுந்த விவாதங்களுக்கு வித்திட்டது.

இரு தரப்பு வாதங்கள்

தலைமை நீதிபதி சால்மன் சேஸ் தலைமையில் மார்ச் மாதத்தில் விசாரணை தொடங்கியது. பிரதிநிதிகள் அவையின் சார்பில் பெஞ்சமின் பட்லர், தாடியஸ் ஸ்டீவன்ஸ், ஜான் பிங்கம் உள்ளிட்ட எழுவர் வழக்கை நடத்தினர். அவர்களுடைய முதன்மை வாதங்கள் வருமாறு:

* சட்டங்களைச் செயற்படுத்துவது தலைவரின் கடமை. ஒரு சட்டம் செல்லாது எனத் தாமே தீர்மானித்து அதனை மீற அவருக்கு உரிமையில்லை.
* பதவிநீக்கத்துக்கு வழக்கமான குற்றவியல் குற்றம் தேவையில்லை. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே போதுமானது.
* மேலவை இவ்விசாரணையில் சாதாரண நீதிமன்ற விதிகளால் கட்டுப்படுத்தப்படுவதன்று.

ஜான்சனின் சார்பில் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ், வில்லியம் எவர்ட்ஸ் முதலியோர் வாதிட்டனர். அவர்களுடைய வாதங்கள் வருமாறு:

* பதவிக்காலச் சட்டத்தின்படி, அமைச்சர்களுக்குரிய பாதுகாப்பு அவர்களை அமர்த்திய தலைவரின் பதவிக்காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஒரு மாதத்துக்கும் மட்டுமே உரியது. ஸ்டாண்டனை அமர்த்தியவர் லிங்கன். ஆகவே இச்சட்டம் ஸ்டாண்டனுக்குப் பொருந்தாது.
* தமது அதிகாரத்தைப் பறிக்கும் சட்டம் செல்லுமா என்பதை நீதிமன்றத்தில் சோதித்தறியத் தலைவருக்கு உரிமை உண்டு.
* செயல் நிகழ்ந்தபோது நடைமுறையில் இருந்த சட்டத்தை மீறினாலன்றி அது குற்றமாகாது. பேச்சின் தன்மையைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை.

கட்சிக் கணக்குகள்

துணைத் தலைவர் பதவி வெறுமையாக இருந்ததால், ஜான்சன் நீக்கப்பட்டால் மேலவையின் தற்காலிகத் தலைவரான பெஞ்சமின் வேட் குடியரசுத் தலைவராகியிருப்பார். அவர் இவ்விசாரணையில் வாக்களித்ததோடு, நீக்கத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார். மறுபுறம், ஜான்சனின் மருமகனான டேவிட் பாட்டர்சனும் மேலவை உறுப்பினராக இருந்து மாமனாருக்குச் சார்பாக வாக்களித்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பது உள்ளிட்ட வேடின் கருத்துகள் குடியரசுக் கட்சியினர் சிலருக்கே ஏற்புடையனவாக இல்லை. விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, இரு தரப்புக்கும் ஏற்புடைய ஜான் ஸ்கோபீல்டைப் போர்த்துறைச் செயலராக முன்மொழிந்து ஜான்சன் நடுநிலையாளர்களின் ஐயத்தைத் தணித்தார்.

வாக்கெடுப்பு

மேலவையில் 54 உறுப்பினர்கள் இருந்தனர். தண்டிக்க 36 வாக்குகள் தேவைப்பட்டன. 1868 மே 16 அன்று பதினோராவது குற்றச்சாட்டின்மீது முதலில் வாக்கெடுப்பு நடந்தது. குற்றவாளி என 35 பேரும் குற்றவாளியல்லர் என 19 பேரும் வாக்களித்தனர். மே 26 அன்று இரண்டாவது, மூன்றாவது குற்றச்சாட்டுகளிலும் இதே முடிவு கிடைத்தது. அத்துடன் விசாரணை முடிவுக்கு வந்தது.

குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பெசண்டன், பவுலர், கிரைம்ஸ், எண்டர்சன், ராஸ், டிரம்புல், வான் விங்கிள் ஆகிய எழுவர் கட்சியின் நிலைப்பாட்டை மீறி வாக்களித்தனர். கிரைம்ஸ் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்த நிலையில் அவைக்குத் தூக்கி வரப்பட்டார். போதிய காரணமின்றி ஒரு தலைவரை நீக்கினால், காங்கிரசின் பெரும்பான்மையோடு முரண்படும் எந்தத் தலைவருக்கும் இனிப் பாதுகாப்பிராது என டிரம்புல் விளக்கமளித்தார். வாக்குகள் பணத்துக்கு வாங்கப்பட்டனவா எனப் பட்லர் விசாரணை நடத்தியபோதும் எந்த உறுப்பினர்மீதும் அது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், எட்மண்ட் ராஸ் பின்னர் தம்மைச் சார்ந்தோருக்குப் பதவிகள் கேட்டு ஜான்சனை அணுகியது அறியப்பட்டுள்ளது.

பின்விளைவுகள்

ஜான்சன் 1869 மார்ச் வரை பதவியில் இருந்தார். 1868 சூலையில் பதினான்காவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் யுலிசீஸ் கிராண்ட் வென்றார். ஜான்சன் 1875இல் மேலவை உறுப்பினராகத் திரும்பி, அவ்வாண்டு சூலையில் காலமானார். பதவிக்காலச் சட்டம் 1887இல் நீக்கப்பட்டது. 1926இல் மையர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனக் கருத்துரைத்தது.

வரலாற்றாய்வாளர் பார்வை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வில்லியம் டன்னிங்கின் வழிவந்த ஆய்வாளர்கள் இந்நடவடிக்கையைக் கட்சி வெறியின் விளைவாகவே சித்தரித்தனர். 1956இல் வெளியான ஜான் எஃப். கென்னடியின் நூல் ராசைத் துணிவின் எடுத்துக்காட்டாகப் போற்றியது. இப்பார்வையில் விடுதலை பெற்ற மக்களின் நிலை பெரிதும் மறைக்கப்பட்டிருந்தது. டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1935இலேயே மறுசீரமைப்புக் காலம் பற்றிய அக்கண்ணோட்டத்தை மறுத்து எழுதினார். குடியுரிமை இயக்கத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுள் மைக்கேல் லெஸ் பெனடிக்ட், தலைவர் காங்கிரசின் சட்டங்களைத் தொடர்ந்து முடக்கியதால் நடவடிக்கை நியாயமானதே என வாதிட்டார். ஆவணங்கள் மாறவில்லை; எவருடைய இழப்பைக் கணக்கில் கொள்வது என்பதே மாறியது.

பிற்கால வழக்குகள்

ஜான்சனுக்குப் பின் 1998இல் பில் கிளிண்டன்மீதும், 2019இலும் 2021இலும் டொனால்ட் டிரம்ப்மீதும் பிரதிநிதிகள் அவை குற்றஞ்சாட்டியது. இவ்வழக்குகள் எவற்றிலும் மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை. 1974இல் ரிச்சர்ட் நிக்சன், முழு அவையின் வாக்கெடுப்புக்கு முன்னரே பதவி விலகினார். அவரது சொந்தக் கட்சியினரின் ஆதரவு குலைந்தமை அதற்கு முதன்மைக் காரணமாகும். 2020 தீர்ப்பில் மிட் ராம்னி, தம் கட்சித் தலைவரைத் தண்டிக்க வாக்களித்த முதல் மேலவை உறுப்பினரானார். பதவிநீக்கத்துக்குச் சட்டக் குற்றம் தேவையா, அதிகாரத் துர்ப்பயன் போதுமா என 1868இல் எழுந்த வினா இவ்வழக்குகளிலும் மீண்டும் எழுப்பப்பட்டது. தலைவரின் கட்சியினர் குறுகிய பொருளையும் எதிர்க்கட்சியினர் விரிந்த பொருளையும் வலியுறுத்துவது இவற்றின் பொதுத்தன்மையாகக் காணப்படுகிறது.