உழைக்கும் சார்ந்தோர்

சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு காணச் செல்வோர் பலர் ரத வீதிகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஊரின் மற்றொரு முகம் தறிகளில் இருக்கிறது. விசைத்தறியின் ஓசை நிறைவதற்கு முன்பு இது கைத்தறி ஊர். கைத்தறி வீடு ஒன்றில் தறிக்குழியில் அமர்பவர் ஒருவர். ஊடை நூலைத் தாரில் சுற்றித் தருபவர் அவருடைய மனைவி. பாவு பிணைக்கையில் கூட நிற்போர் பிள்ளைகளும் முதியவர்களும். நெய்த துணிக்கான கூலி பெரும்பாலும் ஒரே பெயரில்தான் எழுதப்படும். பெயர் எழுதப்படாத அந்த மற்றவர்களை அரசின் ஏடுகள் என்னவென்று அழைத்தன? நாம் இங்குத் தேட முற்படுவது அதைத்தான்.

முதலில் குடிமதிப்பு ஏடு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஹட்டன் தலைமையில் நடந்தது. சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பாளர் ஏட்ஸ். சங்கரநயினார்கோவில் தாலுகா என்று நம் ஊர்ப்பகுதி ஏடுகளில் வழங்கிய காலம் அது. அக்கணக்கெடுப்பு மக்களைச் சம்பாதிப்போர், உழைக்கும் சார்ந்தோர், உழைக்காத சார்ந்தோர் என்று பிரித்தது. கூலி ஏதும் பெறாமல் குடும்பத் தொழிலில் உதவி, குடும்பத்தின் வாழ்வுக்குப் பங்களிப்பவர் இரண்டாம் வகை. உழைப்பவர், ஆயினும் சார்ந்தவர். இந்த இரு சொற்களையும் ஒரே மனிதர் மீது ஏற்றியதில் யாருக்கும் முரண் தெரியவில்லை போலும்.

1951இல் இரா. அ. கோபாலசாமி ஆணையராக இருந்தபோது அளவுகோல் மாறியது. தன்னைத் தாங்குமளவு வருமானம் உடையவர் தற்சார்புடையவர்; வருமானம் உண்டு, அது தன்னைத் தாங்கப் போதாது எனில் சம்பாதிக்கும் சார்ந்தவர். முன்பு உழைப்பைக் கேட்டார்கள், இப்போது சோற்றின் அளவைக் கேட்டார்கள். தார் சுற்றுபவளின் பங்கைத் துணியிலிருந்து எவ்வாறு பிரித்தெடுப்பது? 1961இல் இப்பாகுபாடே கைவிடப்பட்டது. 1991இல்தான் பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் ஊதியமின்றிச் செய்யும் வேலையும் வேலையே என்பது கேள்வியிலேயே இடம்பெற்றது.

நெசவாளியின் கூலி வருமான வரியின் வரம்பை எட்டுவது அரிது. ஆனால் அதே தெருவில் நூல் கடை வைத்திருப்பவரும், பல தறிகளுக்கு உடைமையாளரும் அவ்வரிக்கு உரியவர்கள். அவர்கள் வீட்டிலும் கணக்கெழுதும் மனைவி உண்டு, சரக்கு பார்க்கும் மகன் உண்டு. இங்கே வரிச்சட்டம் குடிமதிப்பை விடச் சுவாரசியமான வேலை செய்திருக்கிறது.

1886ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்துக் கூட்டுக் குடும்பம் வரி செலுத்தும் ஓர் ஆளாகக் கொள்ளப்பட்டது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்தது. வருமானத்தை மனைவி பெயரிலும் சிறுவர் பெயரிலும் பிரித்து வரியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பெருகவே, 1937இல் ஒரு விதி சேர்ந்தது. கணவனின் கூட்டு நிறுவனத்தில் மனைவிக்குப் பங்கு இருந்தால் அவள் வருமானம் கணவன் கணக்கில் சேர்க்கப்படும். அரசின் அச்சம் பொய்யல்ல. பெயருக்குப் பங்காளியான மனைவியர் எங்கும் இருந்தனர், இப்போதும் இருக்கின்றனர்.

சலுகையும் கூடவே வந்தது. 1955இல் சி. டி. தேஷ்முக்கின் வரவுசெலவுத் திட்டம் மணமானவருக்கு 2000 ரூபாய் வரையும் ஆகாதவருக்கு 1000 ரூபாய் வரையும் வரியின்றி விட்டது. அடுத்த சில ஆண்டுகளில், தன்னைச் சார்ந்த குழந்தைக்காக ஒன்றுக்கு 300 ரூபாய், இரண்டு குழந்தைகள் வரை, எனக் கூடுதல் விலக்கும் சேர்ந்தது. பிற்பாடு இவை கைவிடப்பட்டு எல்லார்க்கும் ஒரே வரம்பு வந்தது.

1975ஆம் ஆண்டுத் திருத்தம்தான் நமக்கு முக்கியம். கணவனுக்குக் கணிசமான உரிமையுள்ள தொழிலில் மனைவி சம்பளம் பெற்றால் அச்சம்பளமும் கணவன் கணக்கில் போய்ச் சேரும் என்றது. அவளுக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, அதன் பயனாகவே சம்பளம் வந்தால் மட்டும் விலக்கு. பட்டம் பெற்ற கணக்காளர் தப்பினார். முப்பதாண்டு நூல் கடையில் கணக்கெழுதியவர் தப்பவில்லை. சான்றிதழ் கட்டாயமில்லை, அனுபவமும் தகுதியே என்று ஆந்திர உயர்நீதிமன்றம் 1980களில் கூறியதை நாம் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறோம். 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் இச்சேர்ப்பு விதி தொடர்கிறது. 1992இல் சிறுவர் வருமானத்துக்கு வந்த விதியில் ஒரு வினோதம் உண்டு: உடலுழைப்பாலோ தன் திறமையாலோ ஈட்டியது எனில் அது பெற்றோர் கணக்கில் சேராது. சிறுவனின் உழைப்புக்கு அளித்த மதிப்பைச் சட்டம் மனைவியின் உழைப்புக்கு அளிக்கவில்லை.

அமெரிக்கா வேறு வழி சென்றது. 1917இல் சார்ந்தவர் ஒருவருக்கு 200 டாலர் கழிவு தந்த அந்நாடு, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில், 19 வயதுக்குட்பட்ட அல்லது படிக்கும் பிள்ளை எவ்வளவு சம்பாதித்தாலும், வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் தாங்கினால் அவர்கள் கணக்கில் காட்டலாம் என்றது. உழைப்பும் சார்பும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதை அங்கே சட்டமே ஒப்புக்கொண்டது. ஹட்டனின் சொல்லுக்கு எதிர்பாராத உறவு.

நம் சட்டத்தில் இதற்கு நெருங்கிய இடம் ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளியான உறவினரைப் பேணுபவர், பழைய வரிமுறையைத் தேர்ந்திருந்தால், 75,000 ரூபாயும், குறைபாடு கடுமையானதாயின் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். அவ்வுறவினர் 'முழுமையாகவோ முக்கியமாகவோ' சார்ந்திருக்க வேண்டும். தனக்குரிய கழிவைத் தாமே கோரியிருக்கவும் கூடாது. ஆண்டுக்கு இவ்வளவு சம்பாதித்தால் சார்பு முடிந்தது என்று தொகை எதையும் அவ்விதி சொல்லவில்லை. தார் சுற்றிச் சிறு கூலி ஈட்டும் மகனை 'முக்கியமாகச் சார்ந்தவன்' என்று எழுதலாமா என்பதைத் தந்தையே முடிவுசெய்து, படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.