நூற்றைத் தாண்டிய வெள்ளை

திருப்பூர் சலவைப் பட்டறையில் வந்து இறங்கும்போது அது வெளிர் மஞ்சள் தூள். பனியனை வெள்ளையாக்கப் போகிற சரக்கே மஞ்சளாக இருப்பதைப் புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்கள் லேசில் நம்ப மாட்டார்கள். நிட்டிங் முடிந்து வந்த துணியை ஹைட்ரஜன் பெராக்சைடில் வேகவைத்து எடுத்த பிறகும் பருத்தியில் ஒரு மஞ்சள் சாயல் மிச்சம் நிற்கும். அதைப் போக்கத்தான் இந்தத் தூள். நூறு கிலோ துணிக்குச் சில நூறு கிராம் போதும். கை தாராளமாகிவிட்டால் துணியில் பச்சை தட்டும், லாட் திரும்பி வந்துவிடும்.

"கரைச்சு வெச்சத வெயில்ல வெக்காதீங்க தம்பி, மூடி வெய்ங்க" என்பார் டையிங் மாஸ்டர். அனுபவத்தில் வந்த பேச்சு, ஆனால் வேதியியலும் அதையேதான் சொல்கிறது. தூளில் இருப்பது ஸ்டில்பீன் வகை மூலக்கூறு: தட்டையாக நீண்ட உடல், நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஒளி பட்டால் அந்த இடத்தில் முறுக்கிக்கொண்டு மடங்கிவிடும். மடங்கியது பருத்தியில் சரியாக ஒட்டாது, ஒளிரவும் செய்யாது. தண்ணீரில் இருக்கிறவரை முறுக்கிக்கொள்ள இடம் தாராளம். செல்லுலோஸ் என்கிற பாலிமர் சங்கிலியின் மேல் படுத்து ஒட்டிவிட்டால் அசைய முடியாது. வாங்கிய ஒளியைப் பெரும்பாலும் ஒளியாகவே திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

வாங்குவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா, சுமார் 350 நானோமீட்டர். கொடுப்பது 440 நானோமீட்டர் பக்கம், நீலம். இரண்டுக்கும் நடுவே மூலக்கூறு கிளர்ந்து நிற்பது ஏறத்தாழ ஒரு நானோ வினாடி, அதாவது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. துணியின் மஞ்சளை ஈடுகட்டுவது அந்த நேரத்தில் பிறக்கும் நீலம்தான். வெண்மை அளவுகோலில் விழுந்த ஒளி முழுவதையும் திருப்பும் பரப்புக்கு 100 புள்ளி. நம்மூர் பனியன் 140, 150 என்று வாங்குகிறது! புற ஊதாவைக் கணக்கில் சேர்க்காத 100 அது. புற ஊதா இல்லாத எல்இடி வெளிச்சத்தில் அதே பனியன் மங்கிப்போவதும் இதனால்தான். துணியின் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் யூவி விளக்கு ஏன் என்று செக்கிங்கில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த நானோ வினாடிக்குள் நடப்பதைப் பார்க்கும் வழி 1949 வாக்கில் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. போர்க்காலத்தில் கடற்படையில் ரேடார் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் போர்ட்டரும் அவருடைய ஆசிரியர் நோரிஷும் ஒரு பலத்த ஒளி வெட்டால் மூலக்கூறுகளைக் கிளர்த்தினார்கள். உடனே இரண்டாவது ஒளியைச் செலுத்தி, அதில் எந்த நிறங்கள் விழுங்கப்படுகின்றன என்று பார்த்தார்கள். கிளர்ந்த மூலக்கூறு சாதாரண மூலக்கூறு விழுங்காத நிறங்களை விழுங்கும், அவ்வளவுதான் தந்திரம். 1967இல் நோபல் பரிசு. லேசர் வந்த பிறகு மைக்ரோ வினாடி நானோவாயிற்று, பின்னர் ஃபெம்டோ வினாடியும் எட்டியது. 1999இல் நோபல் பெற்ற அகமது ஜெவைல் ஆராய்ந்தவற்றில் இதே ஸ்டில்பீனின் முறுக்கலும் ஒன்று. சென்னை தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிய அதிவேக நிகழ்வுகள் மையத்திலும் இந்த வேலை நடக்கிறது.

கண்ணாடிக் குப்பியிலுள்ள கரைசலுக்கு இது சரி. பனியன் துணி ஒளியை ஊடுருவ விடாது, சிதறடித்துவிடும். 1980களில் இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஃப்ராங்க் வில்கின்சன் அந்தச் சிதறலையே பிடித்து அளந்தார். திருப்பூருக்கு மிக நெருங்கிய விஞ்ஞானம் என்று நான் நினைப்பது அதைத்தான். துணியைத் துணியாகவே வைத்துப் பார்த்த முறை அது.

கட்டிங், பவர் டேபிள், அயர்னிங் எல்லாம் கடந்து பனியன் கடைக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு கொடியில் காயும் ஒவ்வொரு வெயிலிலும் மூலக்கூறு எத்தனையோ முறை கிளர்ந்து அடங்குகிறது. ஒவ்வொரு கிளர்ச்சியிலும் சிறு ஆபத்து உண்டு. எப்போதோ ஒன்று அடங்காமல், பக்கத்திலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடைகிறது. உடைந்தவை கூடக் கூட மஞ்சள் திரும்புகிறது. வீட்டுச் சலவைத் தூளிலும் இதே குடும்பத்துச் சரக்குதான் கலந்திருக்கிறது. துவைக்கத் துவைக்கப் புதிதாகக் கொஞ்சம் ஏறும். இரண்டு வருடம் உடுத்திய பனியனில் இன்னும் வெளுப்பு இருந்தால், அதில் பெரும்பங்கு சோப்புக் கம்பெனியுடையது.