தடுக்கும் உரிமையோடு வந்த தந்தி

எல்லை தாண்டிய தந்தியின் கதையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள்: கம்பி உலகத்தைச் சுருக்கியது, அரசாங்கங்கள் குறுக்கே நின்றன. ஐரோப்பாவில் நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. செய்தியைத் தடுக்கும் அதிகாரம் தம் கையில் இருந்ததால்தான் அரசுகள் கம்பியை எல்லை தாண்ட விட்டன. பிரான்சில் 1794இல் பாரிஸையும் லீலையும் இணைத்த ஷாப் என்பவரின் கோபுரத் தந்தி, அதாவது கோபுரத்துக்குக் கோபுரம் கைகாட்டிச் சமிக்ஞை அனுப்பும் முறை, அரசின் சொந்தக் கருவி. 1830களில் பொர்தோ நகரத்துச் சகோதரர்கள் இருவர் தந்தி ஊழியருக்குக் கையூட்டுக் கொடுத்தார்கள். பாரிஸ் பங்குச்சந்தையின் போக்கு, அரசுச் செய்திக்குள் எழுத்துப்பிழைபோல ஒளிந்து அவர்களிடம் வந்து சேர்ந்தது. கெட்டிக்காரத்தனம்தான். அதைத் தண்டிக்கத் தெளிவான சட்டம் இல்லாததால், 1837இல் அனுமதியின்றிச் சமிக்ஞை அனுப்புவதையே குற்றமாக்கினார்கள். 1851இல் மின்தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோதும், அனுப்புபவர் தாம் யாரென்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

1850களில் ஸ்ட்ராஸ்பூர்க் நிலையத்தில் பாரிஸிலிருந்து வந்த தந்தியைப் பிரெஞ்சு ஊழியர் தாளில் எழுதி மேசைக்கு அப்பால் நீட்டுவார்; பாடன் நாட்டு ஊழியர் அதை ஜெர்மனில் பெயர்த்து மீண்டும் அனுப்புவார். கருவிகளும் கட்டணங்களும் வெவ்வேறாக இருந்ததுதான் இதற்குக் காரணம் என்பார்கள். அது உண்மை. ஆனால் 1865இல் பாரிஸில் 20 நாடுகள் கூடி அவற்றைச் சீராக்கியபோது தடுக்கும் உரிமையை யாரும் கைவிடவில்லை. தந்தி தனியார் கையில் இருந்த பிரிட்டனுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. தந்தியை அரசே நடத்திய பிரிட்டிஷ் இந்தியா 1869இல் உறுப்பினரானது. பிரிட்டன் தன் நிறுவனங்களை அரசுடைமையாக்கிய பிறகுதான் சேர்ந்தது. அட்லாண்டிக் கடலடிக் கம்பிவடத்தைத் தனியார்தானே போட்டார்கள் என்று கேட்கலாம். பணம் அவர்களுடையது. 1858இல் கம்பிவடத்தை இறக்கிய அகமெம்னான், நயாகரா இரண்டும் போர்க்கப்பல்கள். பிரிட்டிஷ் அரசு ஆண்டுக்கு 14,000 பவுன் தருவதாகவும் உறுதி கூறியிருந்தது. 1869இல் பிரான்சிலிருந்து வந்த கம்பிவடத்தைக் கரையேற்ற, தன் நாட்டு நிறுவனங்களுக்கும் பிரெஞ்சுக் கரையில் அதே உரிமை வேண்டும் என்று அமெரிக்கா வற்புறுத்தியது. நடுக்கடலில் எப்படியோ, கரையில் அரசின் சொல்தான் செல்லுபடியானது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஒப்பந்தங்கள் மக்களுக்கு உரிமையும் தந்தனவே? 1875ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் உடன்படிக்கையின் முதல் பிரிவு, எல்லோரும் தந்தி அனுப்பலாம் என்கிறது. இரண்டாவது, ரகசியம் காக்கப்படும் என்கிறது. மூன்றாவதிலேயே, சேவைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று அரசுகள் கைகழுவிவிடுகின்றன. ஏழாவது, நாட்டின் பாதுகாப்புக்கோ ஒழுங்குக்கோ ஊறு எனத் தோன்றும் தனியார் தந்தியை நிறுத்த அனுமதிக்கிறது. 'தோன்றினால்' போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. எட்டாவதின்படி சேவையையே காலவரையின்றி நிறுத்தலாம். மற்ற அரசுகளுக்கு உடனே தெரிவிப்பதுதான் நிபந்தனை. தந்தி கொடுத்தவரைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. 1932இல் மாட்ரிட்டில் தந்தியையும் வானொலியையும் சேர்த்துப் புதிய உடன்படிக்கை எழுதியபோது, நிறுத்தும் உரிமைகள் இரண்டும் அதில் இடம்பெற்றன.