யோகப் பயிற்சியில் வழங்கும் வடசொற்கள்

ஆசனம், பிராணாயாமம், முத்திரை, கிரியை, தியானம் என யோக வகுப்புகளில் நாள்தோறும் ஒலிக்கும் கலைச்சொற்களில் பெரும்பாலானவை சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு இத்தகைய சொற்கள் புதியவை அல்ல. திண்டிவனம் என்ற பெயரே புளியமரத்தைக் குறிக்கும் 'திந்திரிணி' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பர். திந்திரிணிவனம் என்றால் புளியங்காடு.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் அமர்ந்த திருவுருவங்கள் வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. அதே குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவாக வெட்டப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. நோன்பை 'அனசனம்' என்றும் நினைவிடத்தை 'நிசீதிகை' என்றும் அது குறிக்கிறது. துறவு, தவம் சார்ந்த வடபுலச் சொற்கள் தமிழ் ஒலிக்கு இசைந்து இம்மண்ணில் எழுதப்பட்டதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. யோகச் சொற்களை அயல் சரக்கு என்று ஒதுக்குபவர்களும், தமிழில் சொன்னால் அவற்றின் தூய்மை கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்களும் இந்தக் குன்றுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

யோகத்துக்கு எட்டு உறுப்புகளைச் சொல்கிறது பதஞ்சலியின் யோக சூத்திரம். திருமூலர் இயற்றிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அவற்றையே இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்று தமிழில் விளக்குகிறது. 'ஆசனம்' திருமூலரிடம் 'ஆதனம்' ஆகிறது; பத்மாசனம் 'பங்கயம்' ஆகிறது. பத்திரம், கோமுகம், வீரம், சுகாதனம், சுவத்திகம் முதலியவையும் அங்கே உள்ளன. இவற்றுள் பல அமர்வு நிலைகள். இன்றைய வகுப்புகளில் கற்பிக்கப்படும் நின்று செய்யும் ஆசனங்கள் பலவும் பிற்காலத்தவை.

ஆசனப் பெயர்கள் பெரும்பாலும் கூட்டுச்சொற்கள். பிரித்துப் பார்த்தால் செய்முறையே தெரிந்துவிடும். 'அதோ' என்றால் கீழ்நோக்கிய, 'ஊர்த்துவ' என்றால் மேல்நோக்கிய, 'உத்தான' என்றால் நன்கு நீட்டிய, 'பத்த' என்றால் கட்டிய, 'கோண' என்றால் கோணம். அதோமுக சுவானாசனம் என்பது முகம் கீழ்நோக்கிய நாயின் நிலை. பச்சிமோத்தானாசனத்தில் 'பச்சிமம்' மேற்குத் திசை. கிழக்கு நோக்கிப் பயிற்சி செய்பவருக்கு முதுகுப்புறம் மேற்காகிறது. ஆகவே அது உடலின் பின்புறம் முழுவதையும் நீட்டும் ஆசனம். புஜங்கம் பாம்பு, சலபம் வெட்டுக்கிளி, தனுசு வில், ஹலம் கலப்பை. தாடாசனத்தின் 'தாட' என்பதை மலை என்று கொள்வோரும் உண்டு, பனை என்று கொள்வோரும் உண்டு. விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனையபுரத்தில் பனையே தலமரம். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பனை என்று சொல்லிக் கொடுப்பதே பொருத்தம். பிசகில்லாமல் நேராக நிற்பது எப்படி என்று அவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது.

தமிழ் எழுத்தில் வர்க்க எழுத்துகள் இல்லாததால் சில குழப்பங்கள் வருகின்றன. அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தின் 'அர்த்த' பாதி என்று பொருள்படும். 'பொருள்' என்று பொருள்படும் 'அர்த்தம்' வேறு. கபாலபாதியில் உள்ள 'பாதி'யோ தமிழ்ப் பாதி அன்று, ஒளிர்தல். கபாலம் மண்டையோடு. வகுப்பில் சுவானாசனமும் சவாசனமும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். முன்னது நாய், பின்னது பிணம்போல் அசைவற்றுக் கிடக்கும் ஓய்வு நிலை. வடமொழி ஒலிகளை எழுதத் தமிழகத்தில் கிரந்த எழுத்து பயன்பட்டது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலின் சமஸ்கிருதக் கல்வெட்டு பல்லவ கிரந்தத்தில்தான் உள்ளது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை அந்த எழுத்திலிருந்து தமிழுக்கு வந்தவை.

பிராணாயாமம் என்பது 'பிராணன்', 'ஆயாமம்' என்று பிரியும். மூச்சை நீட்டி நெறிப்படுத்துதல். உள்ளிழுப்பது பூரகம், உள்ளே நிறுத்துவது கும்பகம், வெளிவிடுவது ரேசகம். இவற்றுக்கு முறையே 16, 64, 32 மாத்திரை என்று திருமந்திரம் அளவு கூறுகிறது. இது தேர்ந்தவர்களுக்கான அளவு. புதிதாகக் கற்பவர்களும் இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மூச்சை அடக்கிப் பார்க்கக் கூடாது. கபாலபாதியைப் பலர் பிராணாயாமம் என்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை அதை நேத்தி, தௌதி, வஸ்தி, நௌளி, திராடகம் ஆகியவற்றோடு சேர்த்து ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாக வைக்கிறது. நாடி சுத்தியில் 'நாடி' என்பது மணிக்கட்டில் பார்க்கும் நாடித்துடிப்பு அன்று; உயிர்க்காற்று ஓடுவதாகச் சொல்லப்படும் வழி. இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவில் சுழுமுனை. முத்திரை என்பது கைவிரல்களாலோ உடலாலோ இடும் குறி. பந்தம் என்பது தொண்டை, அடிவயிறு, மூலம் ஆகிய இடங்களில் போடும் பூட்டு.

பேச்சுவழக்கில் பொருள் மாறிய சொல் 'சமாதி'. பேச்சில் அது அடக்கம் செய்த இடம். மயிலம் முருகன் கோயிலில் வழிபடப்படும் பாலசித்தர் சமாதியை நினைத்தே இப்பகுதி மக்கள் அச்சொல்லைப் புரிந்துகொள்வார்கள். யோகத்தில் அது மனம் ஒன்றில் முழுதும் ஒடுங்கிய நிலை, எட்டாம் உறுப்பு. சித்தர்கள் அந்நிலையிலேயே அடங்கினார்கள் என்ற நம்பிக்கையில்தான் இரு பொருளும் ஒட்டி நிற்கின்றன.

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் பெரும்பகுதி அமைந்த ஆரோவில், 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. அதன் நடுவிலுள்ள மாத்ரிமந்திர் என்ற பெயரும் வடமொழியே, அன்னையின் கோயில். அங்கு முதன்மை பெறும் ஸ்ரீ அரவிந்தரின் பூரண யோகம் ஆசனங்களைக் கட்டாயமாக்கவில்லை. வாழ்க்கை முழுவதையும் யோகமாக்குவதே அதன் நோக்கம். 'யோகா' என்றால் உடற்பயிற்சி என்று பழகிவிட்ட இன்றைய காதுக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

பயிற்றுநர்கள் ஆசனப் பெயரைச் சொல்லும்போதே அதன் பொருளையும் ஒரு முறை தமிழில் சொல்லிவிட வேண்டும். பள்ளி வகுப்புகளில் ஆதனம், பங்கயம் போன்ற திருமூலர் சொற்களையும் உடன் கற்பிக்க வேண்டும்.