சூலியாத் தெருவில் ஒரு பகற்பொழுது

கையில் காசு குறைவாக உள்ள பயணி, கோலாலம்பூரிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ வந்து பட்டர்வொர்த்தில் இறங்குகிறான். எதிரே பினாங்குத் தீவு. 1985இல் திறந்த பாலத்தின் வழியே காரிலும் போகலாம். ஆனால் ஜார்ஜ் டவுன் கடலைப் பார்த்துக் கட்டப்பட்ட ஊர். அதைப் படகில் சென்று அடைவதுதான் முறை, செலவும் சில்லறைக் காசுதான். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே குனோங் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில் உள்ளது பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரம் என்று சொல்லும் கெடாவின் கரை அது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடி ஏற்றியபோது தீவு கெடா சுல்தானுக்கு உரியதாக இருந்தது. சயாம் படையெடுத்து வந்தால் கம்பெனி துணை நிற்கும் என்று நம்பியே சுல்தான் இடங்கொடுத்தார். அந்தத் துணை வரவே இல்லை. தீவை மீட்க 1791இல் அவர் செய்த முயற்சியும் தோற்றது. ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று கம்பெனி விலை பேசி முடித்தது. 1821இல் சயாமியர் கெடாவைச் சூறையாடியபோதும் ஆங்கிலேயர் கடலுக்கு இப்புறம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

படகுத்துறையிலிருந்து சற்றே நடந்தால் சூலியாத் தெரு. முதுகுப்பை சுமந்து வரும் வெள்ளைக்கார இளைஞர்கள் பல்லாண்டுகளாகத் தங்கிவரும் மலிவு விடுதிகள் இத்தெருவிலும் இதையொட்டிய லவ் லேனிலும்தான் உள்ளன. அவர்களில் எத்தனை பேருக்குத் தெருப்பெயரின் பொருள் தெரிந்திருக்கும்? சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைச் சுட்டிய சொல் சூலியா. அது 'சோழ' என்பதன் திரிபு என்றே அறிஞர் பலரும் கொள்கின்றனர். ஒரு பேரரசின் பெயர் சுமை தூக்கிகளின் பெயராகி, பின்னர் ஒரு தெருவின் பெயராகி நிலைத்துவிட்டது.

1794இல், தாம் இறந்த அதே ஆண்டில், லைட் எழுதிய அறிக்கையில் இவர்களைப் பற்றிய செய்தி உள்ளது. ஊரில் நிலையாக ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் இருந்தார்கள். கடைக்காரர்களும் கூலிகளுமாக இருந்தவர்கள். இவர்களைத் தவிர ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர்வரை வந்து, உழைத்துச் சில டாலர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். குறைந்த காசில் இத்தெருவில் படுத்தெழுந்து போன முதல் பயணிகள் இவர்களே. அன்றும் அறை வாடகை ஒரு கவலையாகத்தான் இருந்திருக்கும்.

சூலியாத் தெருவைக் குறுக்கே வெட்டிச் செல்வது பழைய பிட் தெரு. இன்று அதன் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் என நான்கும் கால்மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். நுழைவுச்சீட்டு வாங்கும் செலவு இல்லை. சுற்றுலாத் துறையினர் இதை 'நல்லிணக்கத் தெரு' என்கிறார்கள். நல்ல பெயர்தான். ஆனால் அந்த வரிசையில் நாம் பார்ப்பது மாரியம்மன் கோயிலின் பின்புறத்தையே. 1833இல் எழுந்த இக்கோயிலின் வாசலும் கோபுரமும் குயின் தெருவில் உள்ளன. அதைக் காண ஒரு தெரு சுற்றி வர வேண்டும்.

பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. தலைவர் காதர் முகைதீன் கேட்டுக்கொள்ள, துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் 18 ஏக்கர் நிலத்தை அளித்தார். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு 'கப்பித்தான்' என்று ஏற்படுத்தி, அவர் வழியாகவே அவ்வினத்தை ஆள்வது அக்கால முறை. 'கெலிங்' என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல். பல நூற்றாண்டுகளாக இந்தியரைக் குறிக்கும் பொதுச்சொல்லாக வழங்கியது, இன்று மலேசியத் தமிழரை நோகச் செய்யும் வசைச்சொல்லாகிவிட்டது. தெருவில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொல்லக் கூடாத சொல், அதே தெருவின் பெயர்ப்பலகையில் மதிப்போடு நிற்கிறது. சொற்பொருள் மாற்றம் என்ற பாடத்தை நடத்துகிற என் போன்றோர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மதிய உணவுக்கு நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் தண்டு தாங்கிச் சுமப்பது. தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளருக்குத் தெருத்தெருவாக விற்றுப் போன தமிழ் முஸ்லிம்களின் உணவு இது. சங்க நூல்களில் பாணர் இசைக்கருவிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த தண்டுக்குக் 'கா' என்று பெயர். பொருள்தான் வேறு, சுமை ஒன்றே. இன்று தண்டு போய்விட்டது. கடைகளும் வரிசையும் இருக்கின்றன. இரண்டு மூன்று குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவதே அங்குள்ள வழக்கம்.

உண்ட களைப்பில் ஐந்தடி நடையின் நிழலில் உட்கார்ந்தால் ஒரு கேள்வி எழும். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் தம் பழைய வீதிகளின் பெரும்பகுதியை இடித்துவிட்டபோது, இவ்வூர் மட்டும் எப்படி இத்தனை ஓட்டு வீடுகளுடன் தப்பியது? கலையுணர்வே காரணம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மைக் காரணம் வாடகைச் சட்டம். 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயர்த்த முடியாதபடி கட்டுப்பாடு இருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. குடியிருப்பவரை எழுப்ப முடியாது, இடித்துக் கட்டுவதும் எளிதன்று. ஆகவே உரிமையாளர் வீட்டை அப்படியே விட்டுவிட்டார். 1969இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற சிறப்பும் பறிபோக, வணிகம் சுருங்கியது. இடிப்பதற்கும் பணம் வேண்டுமல்லவா! தச்சர், கூடை முடைபவர், பூக்கட்டுபவர், துறைமுகக் கூலிகள் எனச் சிறு தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அவ்வீடுகளில் வாழ்ந்தனர்.

2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அக்கட்டுப்பாடு முற்றாக விலகியது. வாடகை ஏறியது, குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுரிமை நகரங்களாக அறிவித்தது. கட்டடங்களோடு பல இன மக்களின் வாழும் மரபையும் சேர்த்தே அந்தச் சிறப்பு வழங்கப்பட்டது. ஆனால் அம்மரபை வாழ்ந்து காட்டியவர்கள் அதற்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிட்டனர். வீடுகள் மரபு விடுதிகளாக மாறின. 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் ஒரு லிதுவேனிய ஓவியர் தீட்டிய, மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளின் ஓவியத்தருகே படம் எடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. அழகான ஓவியமே. ஆனாலும் தெருவில் ஓடியாடும் குழந்தைகளைவிடச் சுவரில் உள்ளவர்களே கண்ணில் படுகிறார்கள்.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' நாவல்களைப் படித்தவர்களுக்குப் பினாங்கு புதிய ஊரன்று. அவர் காட்டிய வட்டிக்கடை உலகின் தடத்தைப் பினாங்குத் தெருவில் காணலாம். செட்டியார்களின் கோவில் வீடு அங்கே உள்ளது. 1894ஆம் ஆண்டு முதல் தைப்பூசத்துக்கு வலம் வரும் வெள்ளித்தேர் அங்கிருந்து புறப்பட்டு, தண்ணீர்மலை அடிவாரத்தில் 1857இல் கட்டப்பட்ட நகரத்தார் கோயிலுக்குச் செல்கிறது.

மாலையில் மீண்டும் கடலோரம். நீருக்கு மேல் மரத்தூண்களை நட்டுச் சீனக் குலத்தார் கட்டிய குடியிருப்புகள் அங்கே உள்ளன. குலத்துக்கு ஒரு துறை. சியூ குலத்தாரின் துறையே பெரியது. கீழே இருப்பது கடல் என்பதால் நிலப்பட்டா கிடையாது, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமம்தான். சீன முஸ்லிம் வழித்தோன்றல்களான கோயே குலத்தாரின் துறை, அடுக்குமாடிக் குடியிருப்புக்காக 2006இல் இடிக்கப்பட்டது. யுனெஸ்கோ அறிவிப்பு வர அப்போது இரண்டே ஆண்டுகள் இருந்தன. சியூ துறையில் பல வீட்டு முகப்புகள் நினைவுப்பொருள் கடைகளாகிவிட்டன. எஞ்சிய சில வீட்டு வாசல்களில் படம் எடுக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது.