யோகப் பயிற்சித் தமிழில் உறுப்புப் பெயர்களும் அசைவுப் பெயர்களும்

யோகப் பயிற்சி குறித்துத் தமிழில் எழுதப்படும் நூல்களில் இருவேறு சொல்மரபுகள் அருகருகே காணப்படுகின்றன. ஆசனங்களுக்குப் பெயர் தந்த யோக மரபு ஒன்று. எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றுக்குப் பெயர் தந்த உடற்கூற்று மரபு மற்றொன்று. தனித்தனியே வளர்ந்த இவ்விரு மரபுகளும் இருபதாம் நூற்றாண்டில் ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பில் உறுப்புப் பெயர்களைவிட அசைவுப் பெயர்களே மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த இடர் தந்தன. அதற்குரிய வரலாற்றுக் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

யோக மரபு

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகளையுடைய யோகத்தைத் தமிழில் விரித்துரைக்கிறது. ஆசனம் என்னும் வடசொல் ஆதனம் எனத் திரிந்து வழங்குவதை அங்குக் காணலாம். மாசம் என்பது மாதம் ஆனதும் இத்தகைய திரிபே. பங்கயம், கேசரி, கோமுகம் முதலிய ஆசனப் பெயர்களும் அந்நூலில் இடம்பெறுகின்றன. தாமரை, சிங்கம், பசுவின் முகம் என்று உடல் இறுதியில் கொள்ளும் வடிவத்தையே இப்பெயர்கள் சுட்டுகின்றன. அவ்வடிவத்தை அடைய எந்த மூட்டு எவ்வாறு அசைய வேண்டும் என்பதை அவை கூறுவதில்லை. அதனை ஆசிரியர் மாணவருக்கு நேரில் செய்துகாட்டினார். ஆகவே அசைவுகளுக்குத் தனிக் கலைச்சொல் வேண்டிய தேவை எழவில்லை.

அச்சுநூல்கள் பெருகியபோது இந்நிலை மாறியது. 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், அவ்வாண்டே ‘யோக மீமாம்சா’ இதழையும் தொடங்கி, யோகப் பயிற்சி உடலில் விளைக்கும் மாற்றங்களை ஆய்வுக்கூட முறையில் ஆராய்ந்தார். மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்திய தி. கிருஷ்ணமாச்சாரியாரின் ‘யோக மகரந்தம்’ 1934-இல் கன்னடத்திலும், 1938-இல் தமிழிலும் வெளிவந்தது. ஆசிரியர் அருகில் இல்லாத வாசகருக்குச் செய்முறையைச் சொற்களாலேயே விளக்க வேண்டிய கடமை இத்தகைய நூல்களுக்கு ஏற்பட்டது.

உடற்கூற்று மரபு

தமிழில் மேலைநாட்டு உடற்கூற்றியல் நூல்கள் இதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் தோன்றிவிட்டன. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நடத்தி, 1860-களில் அதனைத் தமிழ்வழியாக்கினார். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872-இல் வெளிவந்தது. அங்காதிபாதம் என்னும் ஆக்கம், பாதாதிகேசம், கேசாதிபாதம் ஆகிய சிற்றிலக்கிய வகைகளைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்டவல்லது. தமிழில் வழங்கும் சொல்லை முதலில் நாடுதல், அது கிடைக்காதவிடத்து வடமொழியை நாடுதல், அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல் என்பது கிறீன் கைக்கொண்ட வரிசைமுறையாகும்.

அங்காதிபாதம், சுகரணம் ஆகிய துறைப்பெயர்கள் பின்னர் வழக்கொழிந்தன. அவற்றின் இடத்தில் தமிழ்நாட்டில் உடற்கூற்றியல், உடலியங்கியல் என்பனவும், இலங்கையில் இரண்டாவதற்கு உடற்றொழிலியல் என்பதும் நிலைபெற்றன. உறுப்புகளைப் பொறுத்தவரை முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால், குதிகால், ஆடுதசை எனப் பேச்சுவழக்கிலேயே நுட்பமான பெயர்கள் இருந்தன. எல்லை வேறுபாடு ஒன்றே இங்குக் கருதத்தக்கது. ஆங்கில உடற்கூற்றியலில் லெக் என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியையே குறிக்கும். தமிழில் கால் என்பது தொடை முதல் பாதம் வரை அடங்கும்.

அசைவுப் பெயர்கள்

உடற்கூற்றியல் மூட்டின் அசைவுகளை எதிரிணைகளாக வகுக்கிறது. பிளெக்சன், எக்ஸ்டென்சன் என்ற இணைக்கு மடக்கல், நீட்டல் என்பனவும், அப்டக்சன், அடக்சன் என்ற இணைக்கு விலக்கல், அணைத்தல் என்பனவும் பொருந்தும். இவற்றுள் இரண்டாம் இணை குழப்பம் தருவதில்லை. ஆங்கிலத்தில் ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் அவ்விரு சொற்களைவிடத் தமிழ்ச் சொற்கள் தெளிவானவை என்றும் கூறலாம். முதலிணையின் நீட்டல் என்பதே சிக்கலுக்கு உரியது.

பச்சிமோத்தானாசனத்தை எடுத்துக்கொள்ளலாம். பச்சிமம் என்பது மேற்கு. இங்கு உடலின் பின்புறத்தைக் குறிக்கிறது. உத்தானம் என்பது நன்கு நீட்டப்படுதலைச் சுட்டுகிறது. அதாவது, யோகப் பெயர் பின்புறம் நீள்வதைச் சொல்கிறது. உடற்கூற்றியலோ அதே நிலையை இடுப்பு மூட்டின் மடக்கல் என்கிறது. பின்தொடைத் தசைகள் இடுப்பு மூட்டை நீட்டும் தசைகள். இவ்வாசனத்தில் அவை நீளமாக்கப்படுகின்றன. இச்செய்தியை மொழிபெயர்க்கும்போது, நீட்டும் தசை நீட்டப்படுகிறது, மூட்டோ மடங்குகிறது என்ற வாக்கியம் அமைகிறது. கூற்று பிழையற்றது, ஆயினும் வாசகருக்கு முரணாகத் தோன்றும். மூட்டின் எக்ஸ்டென்சன், தசையின் ஸ்ட்ரெட்ச் என ஆங்கிலம் பிரித்துரைக்கும் இரு பொருள்களையும் தமிழில் ஒரே வினை தாங்குவதே இதன் காரணம்.

இம்மயக்கத்தை நீக்கும் சொல் பேச்சுவழக்கிலேயே உள்ளது. முன்குனிந்தவர் தம் அனுபவத்தைப் பின்தொடை இழுக்கிறது என்றே கூறுவார். எனவே மூட்டுக்கு நீட்டல், தசைக்கு இழுபடல் என வரையறுத்தால் பொருள் தெளிவாகும். புஜங்காசனத்தில் முதுகெலும்பு கொள்ளும் அசைவையும் உடற்கூற்றியல் எக்ஸ்டென்சன் என்றே குறிக்கும். தமிழ் வழக்கோ அதனைப் பின்வளைதல் என்னும். கை மடங்கும், உடல் குனியும், தலை கவிழும் என இடத்திற்கேற்ப வினையை வேறுபடுத்துவது தமிழின் இயல்பு. பாடநூலின் வரையறைப் பகுதியில் ஒரே கலைச்சொல்லை ஆளுதலும், செய்முறைப் பகுதியில் இவ்வழக்கு வினைகளை ஆளுதலும் தக்கனவாகும்.

தமிழில் வழங்கும் சொல்லை முதலில் நாட வேண்டும் என்ற கிறீனின் நெறி உறுப்புப் பெயர்களில் பெரும்பயன் தந்தது. அந்நெறியை அசைவுப் பெயர்களுக்கும் விரிவாகப் பொருத்தும்போது, பயிற்சியாளர் தவறான மூட்டை அசைத்து ஊறு அடையாதவாறு காக்கும் தெளிவு யோக நூல்களுக்குக் கிட்டும்.