கரிசலில் கோடை விடுமுறை

விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் மண் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் அறுவடை. மிளகாய்ப் பழத்தைப் பறித்துக் காயவைத்தபின் காட்டில் வேலை ஓய்ந்துவிடும். பள்ளிகளும் அப்போதுதான் மூடப்படும். விடுமுறை பிள்ளைகளுக்குத்தான்; குடும்பத்துக்கு அன்று.

கோடைக்குப் பிழைப்பு இரண்டு: சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது ஒன்று, தீப்பெட்டி வேலை மற்றொன்று. 1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி வரை பரவியது. உழவரை வாட்டிய வறண்ட காற்றே அதற்கு உதவியது. குச்சியும் பெட்டியும் விரைவில் காய்ந்தன. பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குள் வந்தது. தாயின் மடியில் கைக்குழந்தை கிடக்கும்; மூத்தவள் பசை தடவுவாள்; சின்னவன் காய்ந்த பெட்டிகளை எண்ணி அடுக்குவான். 144 பெட்டி ஒரு குரோசு. கூலி குரோசுக் கணக்கில்.

1986ஆம் ஆண்டின் சட்டம் தீப்பெட்டி உற்பத்தியில் பதினான்கு வயது நிரம்பாதவரை அமர்த்தக் கூடாது என்றது. குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்களித்தது. 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிய முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. வீட்டுத் திண்ணையில் முதலாளி யார்? 2016இன் திருத்தம் தடையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. ஆனால் அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்றது. கோடை விடுமுறை இவ்வாறு சட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது.

உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது? எண்ணிக்கைக்குக் கூலி என்றிருக்கும்வரை பிள்ளையின் கையைத் தாய் விலக்கமாட்டாள். அவளுடைய இரு கைகளின் கூலியே வீட்டுக்குப் போதுமானால்தான் பிள்ளைக்கு விடுமுறை.